மக்காச்சோளப் பாத்தியைக் கிளறலாமா, விடலாமா? அசோஸ்பைரில்லம் போட்டவர்கள் சொல்லுங்கள்

8 மார்ச் 2025, சிங்கப்பூர் பொங்கோல் வாசகர் கேட்டது

வீட்டுக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். இணையக் கடையில் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உள்ள உயிர் உரத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை. மண்ணைக் கிளறினால் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும் என்கிறார் ஒருவர். கிளறாவிட்டால் காற்றுப் போகாமல் செத்துப்போகும் என்கிறார் இன்னொருவர். எது சரி? என்னைக் கேட்டால் இந்தப் பாட்டில் எல்லாமே வெறும் தண்ணீர்.

8 மார்ச் 2025, இரவு, என் பதில்

வெறும் தண்ணீர் இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் இலையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், அது வேலை செய்யும் இடம் வேர். அசோஸ்பைரில்லம் காற்றில் இருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கும் என்று பாட்டிலில் எழுதியிருப்பார்கள். பொய் இல்லை, ஆனால் மக்காச்சோளத்தில் அப்படிக் கிடைப்பது கொஞ்சம்தான். அது செய்கிற பெரிய வேலை வேறு. வேரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கும். அதனால் பக்க வேரும் வேர்த்தூவியும் கூடும், வேர் கூடினால் ஏற்கெனவே மண்ணில் இருக்கும் உரத்தையும் தண்ணீரையும் செடி நன்றாக எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். உளுந்து, தட்டைப்பயறு வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா முடிச்சுக் கட்டுவதுபோல மக்காச்சோளத்தில் முடிச்சைத் தேடாதீர்கள், வராது.

கிளறுவது பற்றி: மண்வெட்டி பட்டு பாக்டீரியா சாகாது, அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வெட்டுப்படுவது அது குடியிருக்கும் வீடு. நல்ல மண்ணைக் கையில் எடுத்தால் குருணை குருணையாக இருக்கும் இல்லையா, அந்தக் குருணைக்குள்தான் ஈரமும் மட்கும் குறைந்த காற்றும் இருக்கும். அசோஸ்பைரில்லத்துக்குக் காற்று வேண்டும், ஆனால் கொஞ்சமாக வேண்டும், தழைச்சத்தைப் பிடிக்கும் நேரத்தில் அதிக ஆக்சிஜன் அதற்கு ஆகாது. நீங்கள் குருணையை உடைத்துப் பொடியாக்கினால், உள்ளே பதுங்கியிருந்த மட்கை மற்ற நுண்ணுயிர்கள் பாய்ந்து தின்று தீர்த்துவிடும். கிளறிய ஒரு வாரம் செடி பளபளவென்று நிற்பதும் அதனால்தான், சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறீர்கள்.

ஆகவே என் பதில்: கிளறாதீர்கள்.

9 மார்ச் 2025

ஒன்று விட்டுப்போனது. பாட்டிலை எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள்? குழாய்த் தண்ணீரில் நேராகக் கலந்திருந்தால் அங்கேயே பாதி போயிருக்கும். கிருமிநாசினி போட்ட தண்ணீர் அது, நமக்கு நல்லது, பாட்டிலுக்குள் இருப்பவற்றுக்குக் கெடுதல். ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்துவிட்டு மறுநாள் கலக்குங்கள்.

11 மார்ச் 2025

மேலே நான் எழுதியதைத் திருத்துகிறேன், யாரும் அப்படியே செய்துவிட வேண்டாம். ஒரு ராத்திரி வைத்தால் போவது வெறும் குளோரின். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினியைச் சேர்க்கிறது, குழாயில் நெடுந்தூரம் போனாலும் தங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. அது வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் ஆவியாகப் போய்விடாது. ஊரில் கிணற்றுத் தண்ணீரில் கலந்த பழக்கத்தில் நான் எழுதிவிட்டேன்.

ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் குளோரமின் முறிந்துவிடும், மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர். ஆனால் மழைத் தண்ணீரைப் பிடித்தால் அன்றைக்கே செலவழித்துவிடுங்கள், திறந்த வாளியில் கொசு முட்டையிட்டால் டெங்கிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயந்துபோய் தினசரி பாய்ச்சும் தண்ணீருக்கு எல்லாம் இதைச் செய்ய வேண்டியதில்லை. மட்கு உள்ள மண்ணில் விழுந்ததும் மேல் அங்குலத்திலேயே குளோரமின் முறிந்துவிடும். பாட்டிலைக் கலக்கும் அந்த ஒரு வாளிக்கு மட்டும் கவனம் போதும்.

12 மார்ச் 2025

ஈசூன் அக்கா கேட்டதற்கு: ஊருக்குப் போய் வரும்போது உயிர் உரப் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு எடுத்து வரலாமா என்றால், வேண்டாம் அக்கா. மண், நுண்ணுயிர் எல்லாம் அனுமதி வாங்கிக் கொண்டுவர வேண்டியவை. இங்கே கிடைப்பதை வாங்குங்கள், வாங்கும்போது தேதியைப் பாருங்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து வந்த பாட்டிலில் காலாவதி தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருப்பது உயிர், அது பசியில் செத்துப்போயிருக்கும். கேட்டதற்கு "மண்ணுக்குத்தானே, பரவாயில்லை" என்று பதில். எனக்கு அது பரவாயில்லை இல்லை.

16 மார்ச் 2025

வாயால் பேசிக்கொண்டிருப்பதை விடப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நேற்று நான்கு துணிப்பைகளில் விதைத்தேன். எனக்குக் குலுக்கலில் கிடைத்த பாத்தி இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், அதன் ஓரத்தில் பைகள். எல்லாப் பையிலும் ஒரே மண், அதே பாத்தியில் எடுத்தது. இரண்டு பைகளில் வாரம் ஒருமுறை சிறு கரண்டியால் கிளறப்போகிறேன், மேலே ஒன்றும் போடப்போவதில்லை. மற்ற இரண்டையும் கிளறாமல், மேலே தூங்குமூஞ்சி மரத்து உதிர்ந்த இலையை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பியிருக்கிறேன். அது பயறு வகை மரம், சிறு இலை, தழைச்சத்தும் அதிகம், சீக்கிரம் மட்கும், நம் சாலையோரம் எங்கும் கிடக்கிறது. ஒவ்வொரு சோடியிலும் ஒரு பைக்கு மட்டும் அசோஸ்பைரில்லம்.

பைக்கு ஆறு விதை. விதையை எங்கள் வீட்டில் செய்வதுபோலவே நேர்த்தி செய்தேன்: ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு கரண்டி, அதில் உயிர் உரம், விதையைப் போட்டுப் புரட்டி அரை மணி நேரம் நிழலில் காய வைத்து உடனே ஊன்றிவிட்டேன். உயிர் உரம் இல்லாத விதைக்கு வெறும் கஞ்சி.

விதை வாங்கும்போது ஒரு விஷயம். இளஞ்சிவப்பு நிறம் பூசிய விதை என்றால் அதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். அதன் மேலேயே பாக்டீரியாவைப் பூசுவது வீண். அப்படிப்பட்ட விதைதான் கிடைக்கிறது என்றால் விதையை விட்டுவிட்டு, மண்ணில் தொழுஉரத்தோடு கலந்து போடுங்கள்.

மீதி விதையைப் பாத்தியிலேயே மூன்று வரிசையாக ஊன்றியிருக்கிறேன். ஒரே வரிசையாக ஊன்றினால் மகரந்தம் காற்றில் பறந்து வெளியே போய்விடும், கதிரில் மணி பிடிக்காது.

23 மார்ச் 2025

வெயில் கொளுத்துகிறது. மதியம் இரண்டு மணிக்குச் சமையல் வெப்பமானியை எடுத்துப் போய் இரண்டு அங்குல ஆழத்தில் குத்திப் பார்த்தேன். திறந்த பையில் 41 டிகிரி. இலை போர்த்திய பையில் 32. துணிப்பை கறுப்பு நிறம், அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் ஒன்பது டிகிரி வித்தியாசம் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

2 ஏப்ரல் 2025

பதினெட்டாம் நாள். ஒவ்வொரு பையிலும் மூன்று செடியை வேரோடு எடுத்தேன். பையின் ஓரத்தைத் தளர்த்தி, மண் கட்டியோடு தூக்கி, மெதுவாக உதறினேன். தண்ணீரில் அலசக் கூடாது, அலசினால் பார்க்க வேண்டியதே போய்விடும்.

பார்க்க வேண்டியது இது: வேரைச் சுற்றி மண் உறைபோல ஒட்டியிருக்கும். வேர்த்தூவிகளும், வேரும் நுண்ணுயிரும் விடும் பசையும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அது. கிளறிய பை இரண்டிலும் வேர் வெள்ளையாக, உதறிய உடனே மண்ணெல்லாம் கொட்டி, வழித்துப்போட்ட நூல்போல இருந்தது. நுனி மட்டும் கொஞ்சம் பழுப்பு. உயிர் உரம் போட்ட பைக்கும் போடாத பைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இலை போர்த்திய பைகளில் வேர் தெரியவே இல்லை. உதறினாலும் போகாத ஒரு பழுப்பு உறை, நுனியில் மட்டும் ஒரு விரல் அளவுக்கு வெள்ளை நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் உருட்டினால் ஈரமாக, மாவு மாதிரி பிசுபிசுப்பு. வெள்ளைத் தட்டில் வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒவ்வொரு மண் துகளையும் ஒரு தூவி பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சோடியில் உயிர் உரம் போட்ட பையில் பக்க வேர் அதிகம், மூன்று செடியிலும் அப்படித்தான்.

பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

பொங்கோல் அண்ணே, உங்கள் பாட்டில் தண்ணீர் இல்லை. மண்தான் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை.

3 ஏப்ரல் 2025

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நான் இரண்டு காரியத்தை ஒரே பையில் மாற்றிவிட்டேன். கிளறிய பையில் இலை இல்லை, கிளறாத பையில் இலை இருக்கிறது. அப்படியிருக்க, வேரைக் கெடுத்தது கிளறியதா, வெயிலா? சொல்ல முடியாது. முதல் நாள் "கிளறாதீர்கள்" என்று அடித்துச் சொன்னதற்கு இந்தப் பைகள் சாட்சி இல்லை. மறுபடி போட வேண்டும். இந்த முறை இலை எல்லாப் பையிலும், கிளறுவது மட்டும் இரண்டில்.

6 ஏப்ரல் 2025

யூரியா போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் ஒரே அடியாகக் கொட்டாதீர்கள். யூரியா மண்ணில் விழுந்து சில நாளில் அம்மோனியமாக மாறும். அம்மோனியம் தாராளமாகக் கிடைக்கும்போது இந்த பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையையே நிறுத்திவிடும். சோறு வைத்திருக்கும் வீட்டில் அடுப்பு மூட்டுவானேன். வேரைத் தூண்டும் வேலை அப்படி அடியோடு நிற்பதில்லை, அதனால் உரத்தோடு சேர்த்துப் போட்டாலும் பலன் உண்டு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இறவை வீரிய மக்காச்சோளத்துக்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, தலா 75 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்). அதே பரிந்துரையில்தான் ஒரு எக்டேர் விதைக்கு 600 கிராம் அசோஸ்பைரில்லமும் இருக்கிறது. பிரேசிலில் அசோஸ்பைரில்லம் போட்ட மக்காச்சோளத்துக்கு மேலுரத் தழைச்சத்தில் 25 சதவீதத்தைக் குறைக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். கவனியுங்கள், கால் பங்குதான் குறைக்கலாம் என்கிறார்கள், உரமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சோளம் பெரும்பசிக்காரன்.

20 ஏப்ரல் 2025

பெரம்பலூரில் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் இந்த வேர் கதையைச் சொன்னேன். முப்பது வருடமாகக் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர். 2018-ல் அமெரிக்கன் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தபோதுகூட விடவில்லை. நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "ஏம்மா, பையில வளக்குற உனக்கு அடிமண் இறுக்கம்னா என்னன்னு தெரியுமா?" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பை வந்த பிறகு எல்லாரும் மேல் நான்கைந்து அங்குலத்தை மாவாக்குகிறார்கள். அதற்குக் கீழே வண்டிப் பாரத்தில் மண் இறுகித் தளம் போட்டதுபோல ஆகிவிடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்தத் தளத்தின் மேல் நிற்கிறது, வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. தண்ணீர் நின்ற மண்ணில் காற்று இல்லை. அங்கே பெருகுவது வேறு கூட்டம், நாம் போட்ட யூரியாவையே வாயுவாக்கி வானத்துக்கு அனுப்புகிற பாக்டீரியாக்கள். அந்த மண்ணில் "கிளறாதே" என்று உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. உளிக்கலப்பையால் ஒருமுறை ஆழமாகக் கீறிவிட வேண்டும், உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாது, பிளந்து மட்டும் விடும். அதற்குப் பிறகு கிளறாமல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் அறுவடை முடிந்த தட்டையை மாட்டுக்குப் போட்டு, சாணத்தைத் திரும்ப வயலுக்கே கொண்டுவந்தார்கள். இப்போது மாடு இல்லை, தட்டையைக் கொளுத்துகிறார்கள். ஒவ்வொரு வருடமும் பொட்டலம் வாங்கிப் போடுகிறோம், அது தின்ன வயலில் ஒன்றுமில்லை. "வெறும் வீட்டுக்கு விருந்தாளியக் கூப்புட்ட கதை" என்றார். நான் ஒன்றரை மாதமாக இங்கே எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

21 ஏப்ரல் 2025

சித்தப்பா சொன்னது நமக்கும் பொருந்தும். நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே இருப்பது பெரும்பாலும் கட்டுமானத்தின்போது இயந்திரம் ஏறி இறுகிய மண், அல்லது கொண்டுவந்து கொட்டி நிரப்பிய மண். ஒரு சாண் தோண்டினால் ஆரஞ்சு நிறக் களிமண் வரும். அங்கே புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதல் தடவை கடப்பாரையால் நெம்பித் தளர்த்தத்தான் வேண்டும். முதல் நாள் நான் எழுதிய "கிளறாதீர்கள்" அவர்களுக்குப் பொருந்தாது. உயர்த்திய பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அதோடு இங்கே மண்ணில் புளிப்பு அதிகம். இத்தனை மழை பெய்தால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். பிஎச் என்ற புளிப்பு அளவு ஐந்துக்குக் கீழே போனால் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும், வேரே இல்லாமல் வேரை நம்பி வாழும் பாக்டீரியா எங்கே போகும்? அசோஸ்பைரில்லத்துக்கு ஆறிலிருந்து ஏழு வரை சுகம். டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போட்டு ஒரு மாதம் விட்டு விதையுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறேன் என்கிறவர்களுக்கு: போடுங்கள், ஆனால் அது கரைய மிகவும் மெதுவாகும், இந்தப் பயிருக்கு உதவாது. நன்றாக மாவாக அரைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

1 மே 2025

இரண்டாவது சோதனை. ஏப்ரல் 12-ல் விதைத்தேன், நேற்றுப் பதினெட்டாம் நாள், எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பையிலும் இலை மூடாக்கு, எல்லாப் பையிலும் உயிர் உரம், இரண்டில் மட்டும் வாரம் ஒருமுறை இலையை ஒதுக்கி, கிளறி, திரும்ப மூடினேன்.

கிளறிய பையிலும் மண் உறை இருக்கிறது. கிளறாததை விடக் கொஞ்சம் மெல்லியது, சில இடத்தில் விட்டுவிட்டு. ஆனால் முதல் சோதனையில் பார்த்த அந்த மொட்டை வேர் இல்லை. ஆகவே அப்போது வேரை மொட்டையாக்கியதில் பெரும்பங்கு வெயிலும் வறட்சியும்தான், என் கரண்டி இல்லை. மூன்று செடி, நான்கு பை என்பதெல்லாம் பெரிய ஆராய்ச்சி இல்லை என்று தெரியும். இருந்தாலும் என் மனதில் வரிசை மாறிவிட்டது. முதலில் போர்வை, அடுத்து தீனி, அதற்கப்புறம்தான் கிளறலா வேண்டாமா என்ற கேள்வி.

3 மே 2025

தெம்பனிஸ் தம்பி கேட்டது நல்ல கேள்வி: ஒருமுறை போட்டால் மண்ணிலேயே தங்கிவிடாதா, ஏன் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும்?

வேர் இல்லாத வெறும் மண்ணில் அசோஸ்பைரில்லம் அதிகம் தாக்குப்பிடிக்காது. இந்தியாவின் உர விதிப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நல்ல மண் ஒரு கிராமில் ஏற்கெனவே நூறு கோடிக் கணக்கில் பாக்டீரியா இருக்கிறது, எல்லாம் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து பழகியவை. நாம் ஒரு சிட்டிகை கொண்டுபோய் அந்தக் கூட்டத்துக்குள் விடுகிறோம். வேர் கிடைத்தால் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். கிடைக்காவிட்டால் உடம்பில் கொழுப்பு மாதிரி ஒரு சேமிப்பை வைத்துக்கொண்டு, கூடு கட்டிக் கொஞ்ச காலம் பொறுக்கும், அப்புறம் எண்ணிக்கை சரியும். களியும் மட்கும் உள்ள மண்ணில் மெதுவாகச் சரியும், வெறும் மணலில் வேகமாகச் சரியும். கடலோரம் மீட்ட நிலத்தில் மணல் கலந்த மண் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அதனால் பயிருக்கும் பயிருக்கும் நடுவே பாத்தியைக் காலியாக விடாதீர்கள். தட்டையை அடியோடு அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள், பக்கத்தில் தட்டைப்பயறோ கீரையோ போடுங்கள். உயிரோடு ஒரு வேர் எப்போதும் இருக்கட்டும்.

18 மே 2025

இந்த ஆண்டு உலக உணவுப் பரிசு பிரேசிலின் மண் நுண்ணுயிர் விஞ்ஞானி மரியாஞ்செலா ஹுங்கிரியாவுக்கு என்று இந்த மாதம் அறிவித்துவிட்டார்கள்! நாம் இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கும் வேலைக்குத்தான். மக்காச்சோளத்துக்கு அந்நாட்டில் போடும் ஏபிவி5, ஏபிவி6 என்ற அசோஸ்பைரில்லம் வகைகளைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர் அவர்.

அவருக்கு முன்னோடி யோஹானா டோபரைனர். 1924-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போருக்குப் பிறகு பிரேசிலுக்கு வந்து, ரியோ பக்கத்தில் செரோபெடிகாவில் மண்ணோடு மண்ணாக வேலை செய்தவர். நெதர்லாந்து நுண்ணுயிர் விஞ்ஞானி பெய்ஜரிங்க் 1925-லேயே இந்த பாக்டீரியாவைப் பற்றி எழுதியிருந்தார், அப்புறம் ஐம்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புல், தானிய வேர்களிலும் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியா இருக்கிறது என்று 1970-களில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் டோபரைனர்தான். அசோஸ்பைரில்லம் என்ற பெயரே 1978-ல்தான் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. ஹுங்கிரியா வேலை செய்வது பரனா மாநிலத்து லோண்ட்ரினாவில். அதற்குப் பக்கத்து ஊர் ரோலாந்தியா. அங்கேதான் 1972-ல் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழையில் தன் மண் அடித்துக்கொண்டு போவதைப் பார்க்க முடியாமல், உழாமல் தட்டைக்குள்ளேயே நேராக விதைக்கத் தொடங்கினார். பிரேசிலில் உழாத விவசாயம் தொடங்கியது அங்கே. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் சோயா அறுத்த தட்டையின் நடுவே உழாமல் மக்காச்சோளம் விதைக்கிறார்கள், விதையோடு பாக்டீரியாவும் போகிறது. அவர்களுடைய பாட்டில் நன்றாக வேலை செய்கிறதென்றால், அது இறங்குகிற மண் அப்படி.

20 மே 2025

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர், தானே உரம் செய்துகொள்ளும் சோளம் மெக்சிகோவில் இருக்கிறதாமே என்று கேட்டார். இருக்கிறது. ஓவாஹாகா மாநிலத்தின் மலையில் தொதோந்தெபெக் என்ற ஊர்ப் பக்கம், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் நாட்டு வகை. தரைக்கு மேலே கணுக்கணுவாகக் காற்றுவேர் விடும், மழை ஈரத்தில் அதிலிருந்து கெட்டியான கோழை ஒழுகும், அந்தக் கோழைக்குள் இருக்கும் பாக்டீரியா தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். செடிக்கு வேண்டியதில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்து வருகிறது என்று 2018-ல் வெளியிட்டார்கள். ஏழை மண்ணில், உரம் அதிகம் இல்லாமல் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த சோளம் அது.

நேற்று மழை விட்டதும் என் பாத்திக்குப் போய், அடிக் கணுவின் தாங்குவேரைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் லேசாக வழுக்கியது. நம் சாதாரணச் சோளத்துக்கும் கொஞ்சம் கோழை உண்டு.

31 மே 2025

அறுவடை. இருபத்து நான்கு செடி ஊன்றியதில் பத்தொன்பது கதிர். இரண்டைக் கிளிகள் உறையைக் கிழித்துத் தின்றுவிட்டன, காலை ஏழு மணிக்குள் போகாவிட்டால் மீதியும் போயிருக்கும். மழை நாளில் ஆண்பூவை வெட்டி, கதிரின் பட்டு இழைமேல் கையால் தட்டிவிட்டதால் மணி வரிசை நிறைவாக இருந்தது. பக்கத்துப் பாத்தி மலாய் அம்மாவுக்கு நான்கு கொடுத்தேன், மறுநாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் திரும்ப எங்களுக்கே கொண்டுவந்தார்.

கதிர் நன்றாக வந்ததற்குப் பாட்டில்தான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாத்தி முழுக்க உயிர் உரம் போட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க எதையும் விட்டுவைக்கவில்லை.

மூடாக்கு பற்றிக் குறை ஒன்று: நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை இலைக்கடியில் பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி இளங்குருத்தைத் தின்கிறது. முளைத்து ஒரு சாண் வளரும்வரை தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் இலையை ஒதுக்கி வைத்தேன், சேதம் குறைந்தது. வெறும் கையால் தொடாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள்.

14 ஜூன் 2025

பொங்கோல் அண்ணன் படம் அனுப்பியிருக்கிறார். மேலே இலைக்குப் பதில் மரச்சீவல் போட்டாராம், செடி வெளிறிவிட்டதாம். மரச்சீவலைப் போட்டதில் தப்பில்லை அண்ணே, அதை மண்ணோடு கலந்ததுதான் தப்பு. மரத்தில் கார்பன் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. உள்ளே கலந்தால் அதைத் தின்கிற நுண்ணுயிர் தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. மேலே மட்டும் கிடந்தால் ஒன்றும் ஆகாது. இப்போது பொறுக்கி எடுக்க முடியாது, கொஞ்சம் கோழி எருவை மேலே தூவி மூன்று வாரம் பொறுங்கள்.

29 ஜூன் 2025

மே 31-ல் அறுத்த தட்டையின் அடிக்கட்டை இன்னும் பாத்தியில் வரிசையாக நிற்கிறது. இன்று அதில் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். செத்து ஒரு மாதம் ஆகியும் வரமாட்டேன் என்றது. கொஞ்சம் ஆட்டி எடுத்ததும் ஒரு தேங்காய் அளவு மண்ணோடு வந்தது, உடைத்துப் பார்த்தால் வேர் உளுத்துப்போன இடமெல்லாம் மெல்லிய துளை, துளைக்குள் இரண்டு மண்புழு. அப்படியே திரும்ப வைத்து மூடிவிட்டேன்.

கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இலையை விலக்கி, கஞ்சியில் புரட்டிய விதையைக் கட்டைவிரலால் அழுத்தி ஊன்றியிருக்கிறேன். இந்த முறை பாத்தியின் ஒரு பாதிக்கு மட்டும்தான் உயிர் உரம், எந்தப் பாதி என்று ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். மண்வெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன், தேவைப்படவில்லை.